கட்டடம் வரும்வரை பூக்கும் புல்

கொல்கத்தாவின் நியூ டவுனில் ஆண்டுக்குச் சில வாரங்கள் காலி மனைகள் வெள்ளை வெளேரென்று மாறிவிடுகின்றன. அதைப் படம்பிடிக்க நல்ல கேமரா மட்டும் போதாது.

செப்டம்பர் கடைசியில் கொல்கத்தாவில் காலை 5.30 மணிக்கே சூரியன் வந்துவிடுகிறது. அதே நாளில் சென்னையில் அது தலைகாட்ட இன்னும் அரை மணி நேரம் ஆகும். மாலையிலும் இதே அவசரம்தான். 5.30-க்குள் மறைந்துவிடும், நவம்பர் இறுதியில் 5 மணி வரைகூடத் தாங்காது. நாடு முழுவதற்கும் ஒரே கடிகாரம் என்று வைத்துக்கொண்டதில் கிழக்கே இருப்பவர்கள் கொடுக்கும் விலை இது. தமிழ்நாட்டிலிருந்து வந்திறங்கி, வழக்கம்போல 6 மணிக்கு எழுந்து, காபி குடித்து, 7 மணிக்குக் கேமராவுடன் நியூ டவுனுக்குப் போகிறவருக்கு மிஞ்சுவது வெறும் வெயில். பார்க்க வேண்டியதெல்லாம் அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

நியூ டவுன் கொல்கத்தாவின் கிழக்கு விளிம்பில், விமான நிலையத்துக்கும் சால்ட் லேக்குக்கும் பக்கத்தில் இருக்கிறது. நிர்வாகக் கணக்கில் வடக்கு 24 பர்கானா மாவட்டம். 1999-ல் மேற்கு வங்க அரசு தொடங்கிய ஹிட்கோ என்ற வீட்டுவசதி உள்கட்டமைப்பு நிறுவனம் ராஜர்ஹாட் பகுதியில் 3,000 ஹெக்டேருக்கும் அதிகமான நிலத்தில் திட்டமிட்டு எழுப்பிய நகரம் இது. பழைய கொல்கத்தாவின் சந்துகளில் உடம்பைக் குறுக்கி நடந்து பழகியவர்களுக்கு இங்கே சாலைகளின் அகலமே ஓர் அதிர்ச்சி. கண்ணாடி போர்த்திய கம்ப்யூட்டர் நிறுவனங்கள், அடுக்குமாடிகள், புற்றுநோய் மருத்துவமனை, 2012 டிசம்பரில் திறக்கப்பட்ட 480 ஏக்கர் ஈகோ பார்க், அதற்குள் 104 ஏக்கர் ஏரி, ஏரிக்கரையில் தாஜ்மகால் உள்ளிட்ட உலக அதிசயங்களின் நகல்கள். மூன்று தலைமுறைகளாக லேக் மார்க்கெட் பக்கமே குடியிருந்த கொல்கத்தாத் தமிழர்களின் பிள்ளைகள் சிலர் இப்போது இந்தப் பக்கம் வீடு வாங்கியிருக்கிறார்கள். வேலைக்காகச் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வந்தவர்களும் உண்டு.

சுற்றுலாக்காரர்கள் அதிசயங்களின் நகல்களைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். கேமராக்காரர்கள் வருவது வேறொன்றுக்காக. மழை ஓய்ந்து வானம் கழுவிவிட்டதுபோல் நீலமாகும்போது, இன்னும் கட்டடம் எழாத மனைகளில் ஆளுயரத்துக்கும் மேல் வளர்ந்த புல் பூக்கத் தொடங்குகிறது. வங்காளிகள் இதைக் காஷ் என்கிறார்கள். வெள்ளிச் சாமரம் போன்ற கதிர்கள். காற்று வந்தால் மனை முழுவதும் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிர்கிறது.

தமிழ்நாட்டில் ஆவணியும் புரட்டாசியும் பழைய கணக்கில் கார்காலம். அதே இரண்டு மாதங்கள் வங்காளத்தில் பாத்ரோ, ஆஸ்வின் என்ற பெயரில் சரத் காலம். காஷ் பூத்தால் துர்கா பூஜை வந்துவிட்டது என்று பொருள். மரத்தடியில் விடியலில் பவளமல்லி உதிர்ந்து கிடந்தால் அதற்கும் அதே பொருள். மகாளய அமாவாசையன்று அதிகாலை 4 மணிக்கு வானொலியில் பீரேந்திர கிருஷ்ண பத்ரரின் சண்டி பாராயணம் கேட்க வங்காளமே எழுந்து உட்காருகிறது. 1930-களில் தொடங்கிய வழக்கம் இது. தமிழர்கள் எள்ளும் தண்ணீரும் இறைக்கும் அதே அமாவாசைதான். அன்றைக்குப் பாராயணத்தைக் கேட்டபடியே புறப்பட்டால், வெளிச்சம் வரும் நேரத்துக்கு நியூ டவுனின் புல்லுக்குள் இருக்கலாம்.

அப்படிப் புறப்படுகிறவர்கள் ஏராளம். சிவப்புக் கரை போட்ட வெள்ளைச் சேலையில் பெண்கள், திருமணத்துக்கு முன்பே ஆல்பம் தயாரிக்கும் ஜோடிகள், பிள்ளைகளைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்ட அப்பாக்கள், டோட்டோ எனப்படும் பேட்டரி ரிக்‌ஷாக்களில் மூன்று கால் ஸ்டாண்டுடன் வந்திறங்கும் இளைஞர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பூவைவிட ஆட்கள்தான் அதிகமோ என்றுகூடத் தோன்றும்.

தமிழ்நாட்டுக்காரருக்கு இந்தப் புல் புதியதல்ல. ஆற்றங்கரைகளில் நாணலோடு நாணலாக நிற்கும் பேய்க்கரும்புதான் இது. சக்காரம் ஸ்பான்டேனியம் என்பது அறிவியல் பெயர். கரும்புக்குக் காட்டுவழிச் சொந்தம். அந்தச் சொந்தத்தை நாட்டுக்குப் பயனாக்கியது கோயம்புத்தூர். 1912-ல் அங்கே தொடங்கப்பட்ட கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் ‘வெள்ளை’ என்ற கரும்பையும் கோவையிலேயே கிடைத்த இந்தக் காட்டுப் புல்லையும் ஒட்டுச்சேர்த்தார்கள். அதில் பிறந்த கோ 205 ரகம் 1918-ல் வட இந்திய வயல்களுக்குப் போனது. நோயையும் வறட்சியையும் தாங்கும் குணம் புல்லின் பக்கத்திலிருந்து வந்தது. வங்காளிக்குக் காஷ் கவிதை. கோவைக்காரருக்கு அது சர்க்கரை.

இதே முரட்டுக் குணம்தான் அதை நியூ டவுனுக்கும் கொண்டுவந்தது. வண்டல் படிந்த கரை, புரட்டிப்போட்ட மண், கொட்டி மேடாக்கிய நிலம் எங்கே இருந்தாலும் முதல் குடியேற்றக்காரர்களில் காஷும் இருக்கும். விதையைக் காற்று சுமந்து வரும். மண்ணுக்கடியில் கிழங்குத் தண்டு பரவும். நெல் விளைந்த வயல், காய்கறித் தோட்டம், மீன் வளர்த்த குட்டை எல்லாம் இங்கே கையகப்படுத்தப்பட்டு, மண் கொட்டப்பட்டு, மனைகளாகப் பிரிக்கப்பட்டன. பிறகு சில மனைகள் ஐந்தாண்டு, சில பதினைந்தாண்டு காத்துக் கிடந்தன. அந்த இடைவெளியில் புல் வந்தது.

இதைக் கவனிக்காமல் நியூ டவுனில் படம் எடுக்கிறவர் பாதியைத்தான் பார்க்கிறார். இங்குள்ள பெயர்களே சாட்சி. நாரிகேல்பாகான் என்றால் தென்னந்தோப்பு. இன்று அங்கே நிற்பது நாற்சந்தியின் தலைக்கு மேல் உணவகத்தைத் தாங்கும் பிரம்மாண்ட வளைவு. மஹிஷ்பாதான் என்றால் எருமைப் பட்டி. பஸ் நிறுத்தங்களின் பெயர்ப்பலகைகளில் தோப்பும் தொழுவமும் மிச்சம் இருக்கின்றன, மண்ணில் இல்லை. நிலம் எடுக்கப்பட்டது 1894-ஆம் ஆண்டின் வெள்ளைக்காரர் காலச் சட்டத்தின் கீழ். கொடுத்த விலை போதவில்லை என்ற கசப்பு விவசாயிகளிடம் நீண்ட காலம் இருந்தது. இந்தக் கதையை இஷிதா டே, ரணபீர் சமாதார், சுஹித் சென் மூவரும் 2013-ல் ஒரு முழுப் புத்தகமாகவே எழுதினார்கள்.

ஆக, காஷ் வெளி என்பது விவசாயம் போனதற்கும் கட்டடம் வருவதற்கும் நடுவே உள்ள ஓர் இடைவேளை. பூ நிற்பது சில வாரம். பூ நிற்கும் நிலம் நிற்பது சில வருடம்.

இந்த இரட்டை நிலையாமையைச் சந்தித்தவர்களில் முதன்மையானவர் சத்யஜித் ராய். அவருக்கு அது நடந்தது நியூ டவுனில் அல்ல, பர்த்வான் பக்கம் பால்சிட் என்ற ஊருக்கு அருகே. 1952 அக்டோபர் 27. ஒரு விளம்பர நிறுவனத்தில் ஓவியராக இருந்த ராய் தன் முதல் படத்தின் முதல் நாள் படப்பிடிப்புக்குப் போனார். ‘பதேர் பாஞ்சாலி’யில் அப்புவும் அக்கா துர்காவும் காஷ் வெளியைக் கடந்து ரயிலைப் பார்க்கும் காட்சி. கேமரா பிடித்த சுப்ரத மித்ராவுக்கு இருபதுகளின் தொடக்க வயது. அதற்கு முன் சினிமா கேமராவை இயக்கியதே இல்லை.

சிறுவன் சுபீர் பானர்ஜி அக்காவைத் தேடியபடி புல்லுக்குள் நடந்துவர வேண்டும். நடந்தான், பொம்மை மாதிரி. ராய் என்ன செய்தார்? அவன் நடக்கும் வழியில் சுள்ளிகளைப் போட்டுவைத்தார், தாண்டி வரட்டும் என்று. உதவியாளர்களைப் புல்லுக்குள் ஆங்காங்கே ஒளித்துவைத்து, வெவ்வேறு நேரத்தில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் செய்தார். பையன் தயங்கினான், தலையைத் திருப்பினான், மறுபடி நடந்தான். திரையில் அது தற்செயலாக நிகழ்ந்ததுபோல் இருக்கிறது. அத்தனையும் முன்கூட்டியே யோசித்து வைத்தது. எழுதி முடித்த திரைக்கதை என்று ஒன்று ராயிடம் இருக்கவில்லை; ஒவ்வொரு காட்சியையும் படமாக வரைந்து வைத்திருந்தார்.

இவ்வளவு தயாரிப்புக்கும் ஒரு பதில் காத்திருந்தது. எல்லோருக்கும் வார நாட்களில் வேலை இருந்ததால் மீதிக் காட்சியை அடுத்த ஞாயிற்றுக்கிழமை எடுப்பதாகத் திட்டம். ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் வெளி மொட்டையாகக் கிடந்தது. பூ முழுவதையும் மாடுகள் தின்றுவிட்டிருந்தன. வேறு வழியில்லை, அடுத்த ஆண்டு சரத் காலம் வரும்வரை அந்தக் காட்சி காத்திருந்தது. படம் 1955-ல் வெளிவந்தது. இன்று உலகம் முழுக்கப் பேசப்படும் அந்தச் சில நிமிடங்களுக்குப் பின்னால் ஒரு முழு ஆண்டின் காத்திருப்பு இருக்கிறது.

மேய்ச்சல்காரர்களைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்குமோ என்னவோ. இயற்கையைப் படமெடுக்கிறவரின் தயாரிப்பு உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது. எந்த லென்ஸ் என்பதற்கு முன்னால், எந்த வாரம், எந்தப் பக்கம், யாருடைய மாடு.

நியூ டவுனில் அந்தத் தயாரிப்பு எப்படி இருக்கும்? முதல் வேலை, கேமரா இல்லாமல் ஒரு மாலை நடந்து பார்ப்பது. சூரியன் எந்தக் கோபுரத்தின் பின்னால் விழுகிறது, எந்த மனையில் தண்ணீர் தேங்கியிருக்கிறது, எங்கே புதிதாக வேலி போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து வைத்துக்கொள்வது. சென்ற ஆண்டுப் படத்தைப் பார்த்துவிட்டு அதே இடத்தைத் தேடிப் போகிறவர் ஏமாறுவார். அங்கே இரண்டாம் மாடிக்குக் கம்பி கட்டிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாவது விஷயம், வங்காளத்தின் புழுக்கம். ஏசி அறையில் இரவு முழுவதும் குளிர்ந்து கிடந்த கேமராவைத் திடீரென வெளியே எடுத்தால் லென்ஸ் முழுவதும் ஆவி படிந்துவிடும். துடைக்கத் துடைக்க மறுபடி படியும். கண்ணாடி காற்றின் வெப்பத்துக்கு வந்து சேர கால் மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். நல்ல வெளிச்சம் இருப்பதே அவ்வளவு நேரம்தான். பையை மூடியபடியே முன்கூட்டி வராந்தாவிலோ பால்கனியிலோ வைத்துவிட்டால் தீர்ந்தது. செலவில்லாத யோசனை; ஆனால் முதல் நாளே நினைவு வர வேண்டும்.

அப்புறம் வெள்ளை நிறம். கேமராவின் ஒளிமானிக்கு வெள்ளையும் கறுப்பும் தெரியாது. எதைக் காட்டினாலும் அதைச் சாம்பல் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடும். சட்டம் முழுவதும் காஷ் பூ நிறைந்தால் படம் அழுக்குத் துணிபோல் வந்து விழுவது அதனால்தான். சற்று அதிக ஒளி கொடுக்க வேண்டும். சூரியன் பூவுக்குப் பின்னால் இருந்தால் கதை வேறு. ஒவ்வொரு கதிரும் விளக்குத் திரிபோல் எரியும். அப்போது கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். காற்றை என்ன செய்வது என்பதையும் முதலிலேயே தீர்மானித்துக்கொள்வது நல்லது. நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு திறந்தால் கதிர் அசையாமல் நிற்கும். பதினைந்தில் ஒரு பங்கு திறந்தால் புல் வெள்ளமாக ஓடும். இரண்டும் உண்மைதான். எது வேண்டும் என்று தெரியாமல் பொத்தானை அழுத்துகிறவருக்கு இரண்டும் கிடைப்பதில்லை.

பூவுக்காக வருகிறவர்களில் ஒரு பகுதியினர் நாளடைவில் பறவைக்காக வரத் தொடங்குகிறார்கள். ராஜர்ஹாட் புல்வெளி கொல்கத்தாவின் பறவைப் பிரியர்களுக்குப் பல ஆண்டுகளாகத் தெரிந்த இடம். தூக்கணாங்குருவிகள் புல்லின் இலையை நாராகக் கிழித்துக் கூடு பின்னுகின்றன. கட்டைவிரல் நீளம்கூட இல்லாதது போலத் தெரியும் சிவப்புச் சில்லை, மழைக்காலத்தில் ஆண் பறவைக்கு மட்டும் குங்குமம் பூசியது போன்ற சிவப்பு. பூ முடிந்து குளிர் தொடங்கும்போது சைபீரியப் பக்கமிருந்து செங்கழுத்துச் சிட்டும், தொண்டையில் நீலம் பூசிய சிட்டும் வந்து புல்லடியில் ஒளிந்துகொள்கின்றன. பூனைப் பருந்துகள் புல்லின் தலையைத் தொடுவதுபோல் தாழப் பறக்கின்றன. அந்தியில் நரி ஊளை கேட்கும். பின்னணியில் விமானம் இறங்கும் இரைச்சல்.

கருந்தோள் பருந்தை எடுத்துக்கொள்ளலாம். காக்கையைவிடச் சிறியது, வெளிர் சாம்பல் உடம்பு, சிவந்த கண். காற்றில் ஓரிடத்திலேயே சிறகடித்து நின்று, கீழே எலியைப் பார்த்து, பிறகு சிறகை மேலே தூக்கியபடி இறங்கும். முதல் தடவை பார்க்கிறவர் வாயைப் பிளப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் இந்தப் பருந்துக்குப் பழக்கங்கள் உண்டு. மின்கம்பத்திலோ பட்ட கிளையிலோ உட்கார்ந்த இடத்திலேயே திரும்பத் திரும்ப உட்காரும். ஒரு மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் அடுத்து எங்கே நிற்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். இன்னொன்று: பறவைகள் பெரும்பாலும் காற்றை எதிர்த்தே எழும்புகின்றன. காற்றும் வெயிலும் நம் முதுகில் படும்படி நின்றால் பறவையின் முகம் கிடைக்கும். இல்லாவிட்டால் வால்தான். எழும்புவதற்குச் சற்று முன் பல பறவைகள் எச்சமிடும் என்பதையும் அனுபவசாலிகள் குறித்து வைத்திருக்கிறார்கள். விரல் பொத்தானில் தயாராக இருக்க இதைவிட நம்பகமான சமிக்ஞை கிடையாது.

இந்த அவசரத்தில் சிலர் குறுக்குவழி தேடுகிறார்கள். செல்போனில் பறவையின் குரலைப் போட்டுக் காட்டி வெளியே வரவழைப்பது, புழுவை வைத்து ஆசைகாட்டுவது, கூட்டை மறைக்கும் புல்லை விலக்குவது. இரண்டாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்து களைத்துக் கிடக்கும் பறவையை எதிரி வந்துவிட்டான் என்று ஏமாற்றி எடுக்கும் படத்தை நல்ல படம் என்று சொல்ல முடியவில்லை. காத்திருக்கத் தெரியாதவரின் படம் அது.

காத்திருக்கத் தெரிந்த தமிழர் ஒருவரைக் கொல்கத்தாவின் வாசகர்கள் 46 ஆண்டுகள் படித்தார்கள். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன். சென்னையில் வாழ்ந்தபடி கொல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950 முதல் 1996-ல் மறையும் வரை இயற்கையைப் பற்றிய பத்தி எழுதினார். தமிழிலும் எழுதினார், அந்தக் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற நூலாகத் தொகுத்திருக்கிறார். கிருஷ்ணன் காட்டு விலங்குகளைப் படமெடுத்தது கறுப்பு வெள்ளையில். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே பொருத்திக்கொண்ட கருவிக்கு ‘சூப்பர் பாண்டரோஸா’ என்று கேலியாகப் பெயர் வைத்திருந்தார். தூக்கவே பலம் வேண்டிய அந்தக் கருவியோடு யானை முதுகில் ஏறிக் காட்டுக்குள் போவார். ஃபிலிம் விலை, கழுவும் செலவு, ஒரு சுருளில் எண்ணி வைத்த படங்கள். ஒவ்வொரு தடவை அழுத்துவதற்கும் முன்னால் விலங்கின் அடுத்த அசைவு என்ன என்று தெரிந்திருக்க வேண்டிய காலம். வீட்டு முற்றத்துக் காக்கையையும் அணிலையும் பற்றி அவர் எழுதியவற்றில் காட்டு யானையைப் பற்றி எழுதியதற்குக் குறையாத கவனம் இருந்தது.

இன்று கேமராக்கள் நொடிக்கு இருபது படம் எடுக்கின்றன. ஒரு காலையில் மூவாயிரம் படம் எடுத்து வீடு திரும்பி, எதைப் பார்த்தோம் என்று நினைவில்லாமல் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து தேடுகிறவர்கள் உண்டு. இது வயதானவர்களின் புலம்பல் மட்டும் அல்ல. அமெரிக்காவின் ஃபேர்ஃபீல்டு பல்கலைக்கழக உளவியலாளர் லிண்டா ஹெங்கல் 2014-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைச் சோதித்துப் பார்த்தது. அருங்காட்சியகத்தில் சிலர் பொருட்களைப் பார்க்க மட்டும் செய்தார்கள். சிலர் படமும் எடுத்தார்கள். மறுநாள் கேட்டபோது, படம் எடுத்தவற்றை அவர்கள் குறைவாகவே நினைவு வைத்திருந்தார்கள். பார்க்கும் வேலையைக் கேமராவிடம் ஒப்படைத்துவிட்டதுபோல. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு சுவையான முடிவும் உண்டு. பொருளின் ஒரு பகுதியை நெருக்கிக் காட்டிப் படமெடுத்தவர்களுக்கு நினைவு குறையவில்லை. நெருக்கிக் காட்டாத மற்ற பகுதிகள்கூட நினைவில் இருந்தன. எதை எடுக்கிறோம் என்று தேர்ந்தெடுக்கும்போது மனம் வேலை செய்கிறது என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். கேமராவைப் பழிப்பவர்களுக்கும் வழிபடுபவர்களுக்கும் ஆய்வு ஆளுக்குப் பாதி கொடுத்திருக்கிறது.

நியூ டவுனின் வானத்துக்கும் தனிக் கணக்கு இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களின் மாலையில் வடமேற்கிலிருந்து வரும் கால்பைசாகிப் புயல், பழைய நகரத்தில் கட்டடங்களின் மேல் திடீரென விழும். இங்கே அது வருவதைப் பார்க்கலாம். மைநிற மேகம் அடிவானத்திலிருந்து சுவராக எழும். காற்று முதலில் வரும், தூசி எழும், சில நிமிடங்களுக்கு மஞ்சளும் ஊதாவும் கலந்த வெளிச்சம், பிறகு மழை. அந்தச் சில நிமிடங்களுக்காகக் காத்திருக்கிறவர்கள் மொட்டை மாடியிலும் திறந்த வெளியிலும் உலோக ஸ்டாண்டுடன் நிற்பது மட்டும் முட்டாள்தனம். மின்னல் யாருக்கும் போஸ் கொடுப்பதில்லை. பால்கனிக்கு உள்ளே நின்று எடுத்தாலும் வானம் அதேதான்.

இவ்வளவு தயாரிப்போடு எடுக்கப்படும் பெரும்பாலான காஷ் படங்களில் ஒரு குறை உண்டு. அவற்றில் நியூ டவுனே இருப்பதில்லை. கட்டடம் தெரியாத கோணம் தேடி, மின்கம்பியைக் கம்ப்யூட்டரில் அழித்து, கிரேனை வெட்டி எறிந்து, கடைசியில் கிடைப்பது ராயின் 1952-ஆம் ஆண்டு வங்காளக் கிராமத்தின் நகல். ஈகோ பார்க்கின் தாஜ்மகாலுக்கு அது எந்த வகையில் உயர்ந்தது என்று கேட்கலாம். புல்லும் கிரேனும் ஒரே சட்டத்துக்குள் நிற்கும் படம்தான் இந்த இடத்தின் படம். முன்னால் வெள்ளைக் கதிர், நடுவே மனை எண் எழுதிய கல், பின்னால் மெட்ரோ பாதைக்கான கான்கிரீட் தூண்கள். வேறெந்த ஊரிலும் வேறெந்த ஆண்டிலும் எடுக்க முடியாத படம் அது.

தெற்கே சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்களோடு ஒப்பிட்டால் புல்வெளியின் நிலைமை புரியும். நகரத்தின் கழிவுநீரை வெயிலும் பாசியும் சுத்தம் செய்ய, அதில் மீன் வளர்க்கும் ஏற்பாடு அங்கே தலைமுறைகளாக நடக்கிறது. பொறியாளர் துருபஜோதி கோஷ் அதன் மதிப்பை உலகுக்கு எடுத்துச் சொல்லியே வாழ்நாளைக் கழித்தார்; 2018-ல் மறைந்தார். 1992-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அந்த நிலத்தைக் காக்கும் தீர்ப்பு வழங்கியது. 2002-ல் 12,500 ஹெக்டேர் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதன் ஓரங்களையும் நகரம் அரித்துக்கொண்டுதான் இருக்கிறது என்றாலும் காவலுக்கு ஒரு காகிதமாவது உண்டு.

காஷ் வெளிக்கு அதுவும் இல்லை. ஆவணத்தில் அது புல்வெளி அல்ல, காலி மனை. அங்கே பாடும் பறவை எந்தப் பதிவேட்டிலும் ஆக்கிரமிப்பாளர்தான். யாரும் சட்டத்தை மீறவில்லை. மனை வாங்கியவர் வீடு கட்டுகிறார், அவ்வளவே. வீடு வேண்டாம், புல் வேண்டும் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. அதற்கு முன் அங்கே நெல் விளைத்தவர் அதைக் கேட்டால் சிரிப்பார். திட்டமிடும்போதே சில ஏக்கரைப் புல்லாகவே விட்டுவைக்க ஒருவருக்கும் தோன்றவில்லையே என்பது மட்டும் உறுத்துகிறது. பூங்கா என்றால் வெட்டிவிட்ட புல்தரையும் நீரூற்றும் என்ற எண்ணம் நம் ஊர்களில் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது.

ஆகவே ஆண்டுக்கொரு தடவை ஒரே இடத்தில், ஒரே திசை பார்த்து நின்று ஒரே ஒரு படம் எடுத்துவைக்கும் வழக்கத்துக்கு இங்கே பெரிய பயன் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆல்ப்ஸ் மலையின் பனியாறுகள் சுருங்குவதை அளக்க அறிவியலாளர்கள் கையாண்ட முறை அது. அழகான படம் வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. சாதாரண செல்போன் போதும். நிற்குமிடத்துக்கு அடையாளமாக ஒரு கல்வெட்டோ கம்பமோ, நோட்டில் தேதி, எந்தப் பறவையைப் பார்த்தோம், பூ எந்த அளவில் இருந்தது என்று இரண்டு வரி. ஐந்து ஆண்டில் ஐந்து படம். அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வேலி வருவது, குழி தோண்டுவது, தூண் எழுவது, புல் ஓரமாக ஒதுங்குவது எல்லாம் தெரியும். 

நவம்பரில் காஷ் கதிர்கள் வெள்ளை போய்ப் பழுப்பாகி உடைகின்றன. காளி பூஜைப் பட்டாசுப் புகை அடங்கியிருக்கும் அந்த நாட்களில் கூட்டம் இருக்காது, கேமராக்களும் இருக்காது. பஞ்சு ஒட்டிய விதைகள் காற்றில் கிளம்பி, பிஸ்வ பாங்ளா சாலையைத் தாண்டி, கட்டி முடித்த வீடுகளின் ஜன்னல் வலைகளிலும், காயப்போட்ட துணிகளிலும் ஒட்டிக்கொள்கின்றன. சில, அடுத்த மனையில் அஸ்திவாரத்துக்காகக் கொட்டி வைத்திருக்கும் மணல் குவியலில் போய் விழுகின்றன.